வடிவு எழுத்தகத்தின் இலவச மழை

சாத்தூரில் தாளிலிருந்து மழை பெய்தது முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான், ராஜகனி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். அடுக்களைச் சுவரில் புருஷன் ஒட்டிவிட்டுப் போயிருந்த விளம்பரத் தாளில் மழை என்ற சொல்லின் ழகரம் தன் வாலை ஒரு உதறு உதறியது, பிறகு நிதானமாக, குற்றாலத்துச் சாரல் மாதிரி, இடமிருந்து வலமாகச் சாய்ந்து பெய்ய ஆரம்பித்தது. ராஜகனி ஐயோ என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. அண்டாவை இழுத்து அடியில் வைத்தாள். வைத்துவிட்டு முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இதை வாசல் பக்கம் ஒட்டியிருக்கக் கூடாதா? மாவுல தண்ணி தெறிக்குது பாருங்க."

"மை காயட்டும்னு அங்க ஒட்டுனேன் கனி," என்றார் தனுஷ்கோடி உள்ளே வராமலே.

"மை எங்க காயும்? அதான் பெய்யுதே."

தனுஷ்கோடி வடிவு எழுத்தகத்தின் முதலாளி. எழுத்துக் கோர்ப்பும் விளம்பர வடிவமைப்பும் செய்யும் நிறுவனம் என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தது. நிறுவனம் என்பது வீட்டின் முன்னறை, இரண்டு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். முதலாளி, வடிவமைப்பாளர், டீ வாங்கப் போகிறவர் மூன்றும் தனுஷ்கோடி. தட்டச்சு, பிழைதிருத்தம், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மூன்றும் ராஜகனி. வருகிறவர்கள் என்று யாரும் இல்லாததால் அந்த மூன்றாவது வேலையை அவள் புருஷனுக்கே செய்துகொண்டிருந்தாள். பஸ் ஏறினால் அரைமணியில் சிவகாசி வந்துவிடும் ஊரில் எழுத்தகம் திறப்பது கடலுக்குள் இறங்கி உப்புக்கடை வைப்பதற்குச் சமம் என்பது சாத்தூரில் கழுதைக்கும் தெரியும், தனுஷ்கோடிக்கு மட்டும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையா, சிவகாசி. காதுகுத்தா, சிவகாசி. ஆள் செத்துப்போனால்கூட ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சிவகாசிக்குத்தான் பஸ் ஏறினார்கள்.

ஆகவே ஆவணியில் ராஜகனியின் அண்ணன் பால்பாண்டி திருப்பூரிலிருந்து வந்து, பாயில் உட்கார்ந்து, சோறு தின்று, கைகழுவி, ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போனான். தை பிறந்து முதல் நல்ல நாளில் மினி லாரி வரும். அதற்குள் ஒரே ஒரு ஆர்டர், யாராவது ஒருத்தர் வாசலேறி வந்து இதை அடித்துக் கொடுங்கள் என்று கேட்ட ஒரே ஒரு ஆர்டர், வந்திருந்தால் லாரி திரும்பிப் போய்விடும். இல்லாவிட்டால் சாமானை ஏற்றிக்கொண்டு திருப்பூர். மாப்பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் லேபிள் வரையும் வேலை. குடியிருக்க அண்ணன் வீட்டு மாடி.

மாடி நல்ல மாடிதான். தரை டைல்ஸ், ஜன்னலுக்குக் கொசுவலை, எல்லாம் உண்டு. அதன் கீழே மதினி சொர்ணலதா இருந்தாள், அதுதான் விஷயம். டிவி ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மதினி. நாத்தனார் கையில் தட்டைக் கொடுக்கும்போதே, "உனக்கு இந்தக் கலர் எடுக்கலையே கனி," என்று சொல்லி, சேலையையும் சோற்றையும் ஒரே வாயில் இறங்காமல் செய்கிற மதினி. மேலே யாராவது இரண்டு தடவை நடந்தால் கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டிப் பார்க்கிற மதினி. அந்தத் துடைப்பக்கட்டைக்கு மேலே மிச்ச ஆயுளையும் நடக்காமல் படுத்தே கழிக்க வேண்டும் என்று நினைத்தாலே ராஜகனிக்கு மூச்சு முட்டியது.

தனுஷ்கோடிக்கு மூச்சு முட்டவில்லை, கொள்கை இருந்தது. எழுத்து தான் சொல்வதைத் தானே செய்ய வேண்டும் என்பது கொள்கை. "மழைன்னு எழுதுனா நனையணும் கனி. வெயில்னு எழுதுனா கண்ணு கூசணும். அப்படி ஒரு விளம்பரம் போட்டா சிவகாசிக்காரன் இங்க பஸ் ஏறி வருவான்," என்று சொல்லி, ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, தீபாவளிக்கு வாங்கிய வேட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து, ஐந்து சொற்களைத் தாளுக்கு ஒன்றாக வரைந்து முடித்தார். மழை சாய்ந்து பெய்தது. வெயிலின் கொம்பு பழுக்கக் காய்ந்திருந்தது. காற்றில் எழுத்துகள் கொடியில் போட்ட துணி மாதிரி ஒரு பக்கமாகப் பறந்தன. தூக்கம் மல்லாந்து கிடந்தது. அமைதியை அவர் தாளின் நட்டநடுவில் தனியாக உட்கார வைத்திருந்தார். இத்தனையையும் வரைந்தவர் தன் நிறுவனத்தின் பெயரை எங்கே போட்டார் என்றால், கீழே வலது மூலையில், எறும்பு கடித்த தழும்பு அளவுக்குப் போட்டார்.

"பேரைப் பெருசாப் போட்டா கை வலிக்குமா உங்களுக்கு?"

"தாள்ல வெற்றிடம் இருக்கணும் கனி. வெற்றிடம்தான் அழகு."

"நம்ம கடையில இருக்கிற வெற்றிடம் பத்தாதா?"

ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்று, தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ரத்தினசாமி அண்ணாச்சியின் மருந்துக்கடையில் வைத்தார். இலவசம் என்று அண்ணாச்சி ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். மத்தியானத்துக்குள் கட்டு காலி.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ரேஷனில் புதிதாக ஒரு சாமான் போட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. ஏன் பெய்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எனக்கு ஏன் கொஞ்சமாகப் பெய்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். குழாயில் தண்ணீர் எப்போதாவது வரும் தெருக்களில் பெண்கள் மழையைத் தொட்டிக்கு மேலே ஒட்டிக்கொண்டார்கள். தண்ணீரில் லேசாக மை வாசனை அடித்தது, ரசத்துக்குப் பரவாயில்லை, காப்பிக்கு ஆகாது என்று ஒரே வாரத்தில் தெரு தெருவாக ஒரு முடிவு ஏற்பட்டுவிட்டது. வெயிலைக் கட்டிலுக்கடியில் ஒட்டி வற்றல் காயப்போட்டார்கள், காக்காய் தொல்லை இல்லை. கரண்ட் போனால் காற்றை மாட்டினார்கள்; கரண்ட் வந்த பிறகு அதைச் சுருட்டி வைக்க மறந்த வீடுகளில் காலண்டரும் மாமனார் வேட்டியும் அடுத்த தெருவில் கிடைத்தன. கோயிலில், தாளில் பெய்யும் தண்ணீரில் அபிஷேகம் செய்யலாமா என்று பேச்சு வந்தபோது பூசாரி கொஞ்சம் யோசித்து, மேலேயிருந்து விழுவதெல்லாம் மழைதான், தாளை மட்டும் உயரத்தில் ஒட்டுங்கள் என்றார். தூக்கத்தை ஒரு அலுவலகத்தில் மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் யாரோ கவனித்தார்கள், கழற்றிப் பார்த்தார்கள், வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று திரும்ப மாட்டிவிட்டார்கள்.

கான்வென்டில் சிஸ்டர் பெர்னடிட் அமைதியை வகுப்புக்கு ஒன்று வீதம் வாங்கி மாட்டினார். பிள்ளைகள் கப்சிப். கணக்கு டீச்சரும் கப்சிப், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அரைப்பரீட்சையில் கணக்கில் எல்லோரும் வழக்கத்தைவிட நல்ல மார்க் வாங்கியதால் அந்த விஷயத்தை யாரும் கிளறவில்லை.

எல்லாம் நடந்தது. ஆர்டர் மட்டும் வரவில்லை.

ஏனென்றால் தாளைச் சுவரில் ஒட்ட நான்கு மூலையிலும் டேப் போட வேண்டியிருந்தது, வலது மூலை டேப் சரியாக வடிவு எழுத்தகத்தின் மேல் விழுந்தது. சட்டம் போட்டவர்கள் ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டார்கள். ஆகவே சாத்தூருக்குத் தெரிந்தவரை அது மருந்துக்கடை மழை. அண்ணாச்சி கைராசிக்காரர் என்று பெயராகி, இருமல் மருந்து இரண்டு மடங்கு விற்றது.

"அண்ணாச்சி, நாங்க போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ராஜகனி கடைக்கே போய்க் கேட்டாள்.

"நான் போட்டதுன்னு என்னைக்காவது சொன்னேனா தாயி?" என்றார் ரத்தினசாமி அண்ணாச்சி, மிகவும் அடக்கமாக. "ஆளுக வந்து கையெடுத்துக் கும்புடுறாக. நான் சும்மா சிரிக்கேன். அவ்வளவுதான்."

அங்கிருந்து நேராக வீடு வந்தவள் வாயால் ஊரைச் சுற்றினாள். மார்கழி பாதிக்குள் உண்மை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வந்தார்கள், ஆனால் ஆர்டரோடு வரவில்லை, ஆசையோடு வந்தார்கள். ஒருத்தருக்குப் பணம் என்ற சொல் வேண்டும். தனுஷ்கோடி பாவம், தனக்குத் தெரிந்த பணத்தைத்தான் வரைவார். எழுத்துகளை வட்டம் வட்டமாக வாசலை நோக்கி உருள விட்டார். அதை மாட்டிய வீட்டில் உண்டியல் முதற்கொண்டு உருண்டு தெருவுக்குப் போய்விட்டது, அவர்கள் வந்து ஒருமூச்சு திட்டிவிட்டுப் போனார்கள். இன்னொருத்தர் மகளுக்குக் கல்யாணம் என்ற சொல் கேட்டார். தனுஷ்கோடிக்குக் கல்யாணம் என்றால் பந்தி. எழுத்துகளை வரிசையாக இலை முன்னால் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வரவில்லை, சாப்பிடுகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பாயசம் போதவில்லை என்று சண்டையும் வந்தது.

எதிர்வீட்டு வேலுத்தாய் ஒருநாள் கையில் பத்திரிகைக் கட்டோடு வந்தாள். பேரனுக்குக் காதுகுத்து.

"அவசியம் வந்துரணும் கனி. அப்படியே ரெண்டு மழை குடு. பந்தியில கைகழுவுறதுக்கு."

ராஜகனி பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தாள். சிவகாசி.

"ஏன்க்கா, மழைக்கு நாங்க, பத்திரிகைக்கு சிவகாசியா?"

"சிவகாசியில அடிச்சாத்தான பத்திரிகை மாதிரி இருக்கும்," என்றாள் வேலுத்தாய், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று விளங்காமல். "ஒங்க வீட்டுக்காரர் அடிச்சா அது என்ன செய்யுமோ. காதுகுத்துன்னு போட்டு, வாங்குற எல்லார் காதையும் குத்திருச்சுன்னா?"

தனுஷ்கோடி கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல யோசனையா இருக்கே," என்றார். ராஜகனி பார்த்த பார்வையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பொங்கல் வந்தது, போனது. மதினி போன் செய்தாள். "நாளைக்கு நாள் நல்லாருக்கு கனி. நானே லாரியில வாரேன். பழைய பாத்திரத்தையெல்லாம் தூக்கிட்டு வராத, இங்க வைக்க இடமில்லை. மிக்ஸியும் வேண்டாம், சத்தம் எனக்கு ஆகாது." போனை வைத்ததும் தனுஷ்கோடி, தூக்கத்தைத் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு பட்டப்பகலில் படுத்துவிட்டார். கொள்கை உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு.

ராஜகனி அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அடுத்தவர் சொல்லைத் தட்டி, அடுத்தவர் பிழையைத் திருத்திய கை. ஒரு சொல்லைத் தானாக வரைந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த ஊரை நினைத்துப் பார்த்தாள். ஓசியில் கொடுத்தால் மதிக்காத ஊர். ஆனால் நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்காமல் இருக்க முடியாத ஊர். வரிசை என்று தட்டினாள். எழுத்துகளை நெருக்கினாள், மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கினாள். வகரத்தின் தோளுக்கு மேலே ரி எட்டிப் பார்த்தது, சையின் கொம்பு முன்னால் நிற்கிறவரை இடித்தது, கடைசி எழுத்தின் கையில் ஒரு வயர் கூடை. பிறகு தாளின் உச்சியில் வடிவு எழுத்தகம் என்று குண்டாக, சிவப்பாக, மஞ்சள் நிழல் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை இடம் விடாமல் போட்டாள். தாள், வரைந்தது யார் என்றெல்லாம் பார்க்கவில்லை. விடிந்ததும் வாசலில் ஒட்டினாள்.

முதலில் பால்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் வேலுத்தாய். அவளுக்குப் பின்னால் பூசாரி, சிஸ்டர் பெர்னடிட், கடையைப் பூட்டாமல் வந்த ரத்தினசாமி அண்ணாச்சி, காய் வாங்கப் போனவர்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்த டிரைவர், அவர் எங்கே போகிறார் என்று இறங்கி வந்த பயணிகள். வரிசை தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலத்தில் ஏறியது.

"எதுக்குக்கா நிக்கிறீக?"

"எல்லாரும் நிக்கிறாகள்ல."

"என்ன குடுக்காக?"

"குடுக்கும்போது தெரியும். நீ இடிக்காம நில்லு."

மேசைக்குப் பின்னால் ராஜகனி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்காரர் முதலில் வந்தார். "என்ன அடிக்கணும்?" என்றாள். பால்காரர் விழித்தார். "நீங்க என்ன குடுக்கீகளோ அது." ஒன்றும் கொடுக்கவில்லை என்றதும் அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றார். வேலுத்தாயும் அப்படியே. சிஸ்டரும் அப்படியே. ராஜகனிக்கு அப்போதுதான் உறைத்தது, அவள் வரைந்தது நிற்பதை மட்டும்தான். வாங்கிக்கொண்டு போகிற ஒருத்தரைக்கூட அவள் வரையவில்லை. வரிசை ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது, பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, பேனா மை காய்ந்தது. எழுந்து தாளில் திருத்தலாம் என்றால், நாற்காலியை விட்டு நகர்ந்தால் கதவு மூடுகிறார்கள் என்று கூட்டம் கத்தியது.

மினி லாரி வந்துவிட்டது. தெருவுக்குள் நுழைய முடியாமல் பாலத்தடியில் நின்றது. மதினி சொர்ணலதா இறங்கினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நேராக முன்னால் நடந்தாள்.

"யம்மா, வரிசையில வாங்க," என்றது வரிசை.

"நான் அவுக சொந்தம்."

"இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான். பின்னால போங்க."

மதினி வாழ்க்கையில் பின்னால் போனதில்லை. ஆனால் தாளில் அந்த எழுத்துகள் அப்படி நின்றன; அவள் கால் தானாகத் திரும்பியது, போய் நின்றாள். வேலுத்தாய்க்குப் பின்னால் இடம் கிடைத்தது. லாரி டிரைவர் மதினிக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதல் அரைமணி நேரம் மதினி முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு வேலுத்தாயே பேசினாள்.

"ஊருக்குப் புதுசோ?"

"திருப்பூரு. எங்க நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேன். எங்க மாடியிலதான் இருக்கப் போறாங்க."

"யாரு, தனுஷ்கோடி குடும்பத்தையா?" வேலுத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல மனசு ஒங்களுக்கு. அந்த மனுசன் சுவத்துல மழை வர வைக்கிறவர்ல. நீங்க கீழயா இருக்கீக?"

"கீழதான்."

"கூரைக்குப் பூச்சு நல்லாப் போட்டிருக்கீகளா?"

மதினிக்குத் தன் கூரை நினைவுக்கு வந்தது. போன மாதம்தான் கீழ்வீட்டுக் கூரைக்குப் பிளாஸ்டரில் ரோஜாப்பூ வைத்து, விளக்கு வைத்து, பால்கலரில் பெயிண்ட் அடித்திருந்தாள். வரிசை நகர்ந்தது. முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்: காற்று அடித்து ஓடு பறந்தது, கட்டில் அடியில் வெயில் பட்டு மெத்தை கருகியது, உண்டியல் உருண்டது. யாரும் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்கள்.

மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது மதினியின் முகம் வெளிறியிருந்தது. ராஜகனி நிமிர்ந்தாள். காய்ந்துபோன பேனாவை மை இறங்க ஒரு உதறு உதறினாள்.

"வாங்க மதினி. என்ன அடிக்கணும்?"

"என்ன கனி கேக்குற, நான் உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான..."

"அக்கா, பேச்சைப் பிறகு வச்சுக்கிட்டு, வாங்குறதை வாங்கிட்டு நகருங்க," என்றார் பின்னாலிருந்து லாரி டிரைவர், அவளே கூட்டிவந்த டிரைவர்.

மதினி மேலே பார்த்தாள். தனுஷ்கோடி தீபாவளியிலிருந்து மழைத் தாள்களை அச்சடித்துக் காயவைத்த முன்னறை அது. கூரை முழுக்கப் பாசி படர்ந்திருந்தது. உத்தரத்தில் ஒரு தவளை உட்கார்ந்து அவளைத் திரும்பப் பார்த்தது.

"இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இது ஒண்ணுமில்லை மதினி," என்றாள் ராஜகனி, ஆறுதலாக. "அங்க வந்து அவுக கடல் வரையணும்னு இருக்காக."

மதினி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். தவளையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், மறுபடி தவளையைப் பார்த்தாள்.

"போர்டு," என்றாள். "மாடி வாடகைக்கு விடப்படும்னு ஒரு போர்டு."

"எவ்வளவு பெருசு மதினி?"

"உங்க அண்ணன் கண்ணுல படுற அளவுக்கு."

ராஜகனி எழுதிக்கொண்டாள், அங்கேயே தட்டினாள், மாதிரித் தாளை எடுத்து நீட்டினாள். "சரி பாத்துக் கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டா பிறகு மாத்த முடியாது. எங்க தொழில்ல அது வழக்கம்." மதினி படிக்காமலே போட்டாள்.

ஒருத்தி ஏதோ வாங்கிவிட்டாள் என்ற செய்தி வரிசையில் பாலம்வரை ஓடியது, ஓடிய வேகத்தில் திரும்பி வந்தது. அந்தத் திருப்பூர் அக்காவுக்குக் கொடுத்தது எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். பால்காரருக்கு ஒரு போர்டு, சிஸ்டருக்கு ஒரு போர்டு. வேலுத்தாய் வீடு ஓட்டு வீடு, மாடியே கிடையாது, அவளுக்கும் அதே மாடி வாடகைக்கு வேண்டும், எழுத்துக் குறையாமல் வேண்டும். சாயங்காலம்வரை பிரிண்டர் இருமிக்கொண்டே இருந்தது. சத்தத்தில் தனுஷ்கோடி எழுந்து வந்து, நடப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் பசை காய்ச்சப் போனார்.

முதல் ஆர்டர் முதலில் முடிந்தது. தாள் தாளாக அச்சடித்து, பலகையில் ஒட்டி, எட்டுப் பேர் சுமந்துபோய் லாரியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். மதினி முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாடிக்கு இவ்வளவு பெரிய போர்டு எதுக்கு கனி?" என்று தனுஷ்கோடி மெதுவாகக் கேட்டார்.

"லாரியில இடம் மிஞ்சுனா மனசு மாறி நம்ம கட்டிலை ஏத்திருவாக," என்றாள் ராஜகனி. "நீங்க அந்தப் பக்கம் கயித்தை இறுக்கிப் பிடிங்க."